மில் வேலைக்குப் போன சாமி

மகாராஜபுரத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புகள் முடிந்து மலையடிவாரக் கரடு தொடங்கும் இடத்தில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு பீடம் இருக்கிறது. அப்பாவைப் பெற்ற தாத்தா. அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோது, மலையில் மாடு மேய்க்கப் போன தாத்தாவைக் களவாணிகள் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றும், அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சாமி என்றும் சொல்லித்தான் வளர்த்தார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் பங்காளிகள் கூடிக் கிடா வெட்டுவோம். தாத்தாவின் அண்ணன் வழியில் வந்தவர்கள் மேல்தான் சாமி இறங்கும். அந்தப் பெரிய தாத்தா ஆடினார், அவர் மகன் ஆடினார், இப்போது பேரன் ஆடுகிறார். எனக்கு அண்ணன் முறை.

போன வருஷம் பீடத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டு, பக்கத்தில் கருங்கல்லில் வரலாறு பொறித்து வைப்பது என்று பங்காளிகள் கூட்டத்தில் முடிவாயிற்று. வரலாற்றை யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"நீதான தங்கச்சி போலீஸ்ல இருந்தவ. எம்புட்டுக் கொலைக் கேசு எழுதியிருப்ப. இதையும் எழுதிக் குடு" என்றார் சாமியாடி அண்ணன்.

நான் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். ஓய்வு என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்த விஷயம். சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஸ்டேஷன். பட்டா மாறவில்லையா, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளா, டிராக்டர்காரன் ஏமாற்றிவிட்டானா, எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். இப்போது சாமியும் வந்துவிட்டது.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விடாமல் செய்தது ஃப்ளெக்ஸ் பேனர். சாமியாடி அண்ணனின் மகன் ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் கூட்டத்துக்கு வரும்போதே சாமி படம் என்று ஒன்றை அடித்துக் கொண்டுவந்து மரத்தில் கட்டிவிட்டான். எங்கள் தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. மருமகன் போனில் நாலு வார்த்தை தட்டினானாம், அதுவே வரைந்து கொடுத்துவிட்டதாம். வெள்ளைக் குதிரை, உருவிய வாள், அரண்மனை வாசல் மாதிரி ஒரு மீசை. சொந்தமாக ஒரு ஜோடி மாடுகூட வைத்திராத மனுஷனுக்குக் குதிரை.

"இடது கையில ஆறு விரல் இருக்கேடா" என்றேன்.

கிட்டே போய் எண்ணிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு இருக்கக் கூடாதா அத்தே?" என்றான்.

இவர்கள் கையில் விட்டால் கல்லில் என்ன வரும் என்று அப்போதே தெரிந்தது. நானே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதற்கு இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அண்ணனிடமே ஆரம்பித்தேன். காலையில் கேட்டபோது களவாணிகள் மூன்று பேர். சாயங்காலம் வேறொரு பங்காளி வந்து உட்கார்ந்ததும் ஏழு பேர் ஆனார்கள். இன்னொரு வீட்டில் களவாணியே இல்லை, புலி. மற்றொரு வீட்டில், சாமி சாகவே இல்லை, மலைக்குள் நடந்து போய் ஜோதியில் கலந்துவிட்டார் என்றார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொன்னால், "அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்றத எழுது" என்பார்கள். திருட்டு வழக்கில் பிடிபட்டவன்கூட இவர்களை விடக் கோர்வையாகப் பொய் சொல்லுவான்.

நான் பழக்க தோஷத்தில் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். உடல் எங்கே? கிடைக்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்? ஓடைக்கரையில் அவருடைய கம்பும் ரத்தக்கறையோடு துண்டும் கிடந்தன. யார் பார்த்தது? பெரிய தாத்தா. கூட யாராவது இருந்தார்களா? இல்லை. தாத்தாவின் நிலத்தை அதன் பிறகு யார் உழுதது? பெரிய தாத்தா. அப்பா வளர்ந்து கேட்கும் வரை அவர்தான் உழுதார்.

சாட்சி ஒரே ஒருவர், லாபம் அடைந்தவரும் அவரே. ஸ்டேஷனுக்கு இப்படி ஒரு கேஸ் வந்திருந்தால் பெரிய தாத்தாவைத்தான் முதலில் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட தினுசிலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"கல்லுக்கு நாலு வரி கேட்டா நீ எங்க தாத்தா மேல எஃப்.ஐ.ஆர். போட்டிருவ போலயே" என்று எழுந்து போய்விட்டார்.

மிச்சம் இருந்தது அத்தை ஒருத்திதான். அத்தை கூமாப்பட்டியில் இருக்கிறாள். அப்பாவுக்குத் தங்கை, ஆனால் கூடப் பிறந்தவள் இல்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தாத்தா செத்துப் பல வருஷம் கழித்து, கூமாப்பட்டியில் இருந்த அப்பத்தாவின் தங்கச்சி பிரசவத்தில் இறந்துபோனாள், அந்தப் பச்சைப் பிள்ளையை அப்பத்தா எடுத்துவந்து வளர்த்தாள், அதுதான் அத்தை என்பார்கள். அப்பத்தாவை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பிறகு அப்பத்தாவின் அண்ணன் மகனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். சிவராத்திரிக்கு வருவாள், ஆனால் பீடத்துக்குக் கிட்டே வரமாட்டாள். எங்கள் வம்சத்தில் பிறந்த பெண்கள்தான் மாவிளக்கு எடுக்கலாம். அத்தை வேறு வீட்டுப் பிள்ளை என்பதால் சோறு வடிக்கிற இடத்தில் நின்றுகொள்வாள். இதுவரை அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

கூமாப்பட்டிக்குப் போனேன். இந்த ஊர் போனில் பிரபலமாகிவிட்டதிலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கண்மாய்க்கரையில் நின்று போட்டோ எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நின்றுகொண்டே போய் இறங்கினேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வயது எண்பதை நெருங்கினாலும் வாய்க்கு வயதாகவில்லை.

"எல்லாரையும் கேட்டுட்டுக் கடைசியாத்தான் எங்கிட்ட வாரியாக்கும்" என்றாள்.

"அப்பத்தா உங்ககிட்ட எதுவும் சொல்லலையா அத்தே? தாத்தா எப்படிச் செத்தார்னு?"

"பெரியம்மா யாருட்ட வாயத் தொறந்து பேசிச்சு? நான் எடுத்து வளத்த பிள்ள. எனக்கு என்ன தெரியும்?"

பேச்சை மாற்றலாம் என்றுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். அதில் எந்த உள்நோக்கமும் இல்லை. "உங்களப் பெத்த அம்மாவுக்கு இந்த வீட்டுலதான தெவசம் குடுப்பாங்க? எந்த மாசம் வரும்?"

கீரை உருவிய கை நின்றது. உள்ளே மகனோ மருமகளோ இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்படி ஒருத்தி இந்த வீட்டுல பொறக்கவே இல்லட்டி. எங்க மாமனாருக்குக் கூடப் பொறந்தது பெரியம்மா ஒருத்திதான். வாக்கப்பட்டு வந்த வருசமே எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்க…"

"போலீஸ்காரிதான, நீயே கணக்குப் போட்டுக்க. வெள்ளச் சேல கட்டுனவ வயித்துல பொறந்தவன்னு நான் எப்படிட்டி வெளிய சொல்ல முடியும்? என் புருசனுக்கும் தெரியும். அவுகளும் சாகுற வரைக்கும் கேக்கல, நானும் சொல்லல."

இத்தனை காலம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு வடிக்கிற இடத்தில் நின்றிருக்கிறாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. எல்லோர் மேலும். அப்பத்தா மேல், என் அப்பா மேல், ஒன்றுமே கேட்காமல் கிடாக்கறி தின்றுவிட்டுப் போன எங்கள் எல்லோர் மேலும்.

"ஆளு யாருன்னும் எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை. "ராசபாளையத்துல ஒரு மில்லுக்காரன். சின்னப் பிள்ளையில பெரியம்மா என்னயக் கூட்டிட்டுப் போகும். வத்ராப்புல பஸ் ஏறும்போது மூளி நெத்தியா இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி, பொட்டு வச்சு, தலையில பூவும் வச்சுக்கிட்டு அடுத்த பஸ் ஏறும். திரும்பி வரும்போது எல்லாத்தையும் எடுத்துப் போட்டுரும். அந்தாளு தலையெல்லாம் பஞ்சாத்தான் இருக்கும். எனக்குச் சேவு வாங்கித் தருவான். மாமான்னு கூப்பிடச் சொல்லும். எனக்கு வெவரம் தெரியிற வயசு வரவும் கூட்டிட்டுப் போறத விட்டுருச்சு."

என் மூளை முப்பது வருஷம் ஓடிய தடத்திலேயே ஓடியது. மனைவிக்கு வேறொரு ஆள், கணவன் மலையில் காணாமல் போகிறான், அண்ணன் கம்பையும் துண்டையும் கொண்டுவந்து காட்டுகிறான். கல்லுக்கு நாலு வரி எழுத வந்த இடத்தில் எனக்கு ஒரு கொலையும் ஒரு கள்ள உறவும் கிடைத்துவிட்டன. இதை எந்தப் பங்காளியிடம் போய்ச் சொல்வேன்?

"அந்த வீட்ட அடையாளம் காட்டுவீங்களா அத்தே?"

"எதுக்கு? அவன் செத்து எலும்பும் மக்கியிருக்கும்."

"பார்த்துட்டாவது வருவோம்."

அத்தை முடியாது என்று சொல்லிக்கொண்டே சேலை மாற்றப் போனாள்.

ராஜபாளையத்தில் அன்றைக்கு நாங்கள் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அத்தைக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: ஒரு மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் கிணறு, வீட்டுக்காரர்கள் தெலுங்கு பேசுவார்கள். ராஜபாளையத்தில் மில்லும் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர்களும் இல்லாத தெரு எது? ஃப்ளெக்ஸ் கடை மருமகனை வரச் சொன்னேன். விஷயம் இன்னது என்று அவனிடம் சொல்லவில்லை. அவன் அத்தையைத் தன் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போக, நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு தெரு முனையிலும் அத்தை இறங்கிப் பார்த்து, "இது இல்ல" என்பாள். பிறகு ஏற மாட்டாள். இடுப்பு வலிக்கிறது என்பாள். ஆட்டோவுக்கு மாற்றினால் தலை சுற்றுகிறது என்பாள்.

மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். "போதும், வீட்டுக்குப் போவோம்" என்று நான் சொன்ன இடத்தில்தான் மருமகன், "அத்தே, நான் லேபிள் அடிச்சுக் குடுக்கிற பேண்டேஜ் கம்பெனி ஒண்ணு இருக்கு. உள்ள கெணறு உண்டு. அவங்க தெலுங்குக்காரங்கதான்" என்றான்.

"இத ஏன்டா காலையிலயே சொல்லல?"

"நீங்க வீடுன்னுல்ல கேட்டீங்க."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். அறைகளை இடித்து ஒரே கொட்டகையாக்கியிருந்தார்கள். கிணற்றுக்கு மேல் இரும்பு வலை. அத்தை கிணற்றைப் பார்த்தாள். அங்கேயே ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளியின் அப்பா உயிரோடு இருந்தார். அத்தையை விட மூத்தவர், காது நன்றாகக் கேட்டது. மில் வேலைக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தவர் அவருடைய அப்பா. நான் விசாரிப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"இங்க மில்லுக்காரன் ஒருத்தன் இருந்தானே. வத்ராப்புப் பக்கத்துக்காரன். அவனப் பார்க்க ஒரு பொம்பள வந்து போவாளே."

பெரியவர் முகம் சுருங்கியது. "அவன் இவன்னு பேசாதீங்கம்மா. கூமாப்பட்டியார்னு சொல்லுவோம். நல்ல மனுசன். வந்தது அவரு சம்சாரம்."

"சம்சாரமா?" என்றேன் நான்.

"ஆமா. முறையாத் தாலி கட்டுன சம்சாரம். ஒரு பொம்பளப் புள்ளயக் கூட்டிட்டு வருவாங்க."

"அப்ப அவர் சொந்த ஊரே கூமாப்பட்டியா?"

"கூமாப்பட்டி அவரு மாமனார் ஊரு. சொந்த ஊர யாருட்டயும் சொல்ல மாட்டாரு. எங்கப்பாவுக்குத் தெரியும், பொறவு எனக்குச் சொன்னாரு." பெரியவர் சிரித்தார். "ஊருல எங்கண்ணன் எனக்குக் கோயில் கட்டி வச்சிருக்கான், நான் எப்படிப் போவேன்னு கேப்பாரு."

எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாத மாதிரியே நின்றேன். மருமகன்தான் மெதுவாக, "சாமியா?" என்றான்.

பெரியவர் சொன்னதைக் கோர்த்தால் கதை இதுதான். வாய்க்கால் தண்ணீரில் தகராறு. எங்கள் தாத்தா மண்வெட்டிக் காம்பால் ஒருவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் விழுந்தது விழுந்தபடி கிடக்க, செத்துவிட்டார் என்று நினைத்து மலைக்குள் ஓடிவிட்டார். தேடி வரும் போலீசைத் திருப்பி அனுப்பத்தான் பெரிய தாத்தா கம்பையும் துண்டையும் ஓடைக்கரையில் போட்டு, தம்பியைக் களவாணிகள் கொன்றுவிட்டதாக ஊரைக் கூட்டி அழுதார். தம்பியைக் காப்பாற்றத்தான் செய்தார். நான் பெஞ்சில் உட்கார வைக்க நினைத்த மனுஷன் அவர்தான்.

அடிபட்டவர் சாகவில்லை. நொண்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் இருந்தார். ஆனால் அந்தச் சேதி ராஜபாளையத்துக்கு வந்து சேர்வதற்குள் ஊரில் கல் நட்டு, கிடா வெட்டி, பெரிய தாத்தா மேல் சாமி இறங்கிக் குறி சொல்லவும் தொடங்கிவிட்டது. அப்பத்தாவுக்குத் தாலி அறுத்து வெள்ளைச் சேலை கொடுத்தாகிவிட்டது. இனி உயிரோடு போய் நின்றால், அண்ணனை ஊர் அடித்தே கொன்றுவிடும்.

"ஒரே ஒரு தடவ போனாராம்" என்றார் பெரியவர். "தலையில துண்டப் போட்டுக்கிட்டு கூட்டத்தோட கூட்டமா நின்னாராம். 'எங்கண்ணன் மேல நான் எறங்கி ஆடிக்கிட்டிருக்கேன். அந்த ஆட்டத்தப் பார்த்து நானே பயந்துட்டேன்'னு சொல்லிச் சிரிப்பாரு. துன்னூறு வாங்கிட்டு வந்துட்டாராம்."

"அப்பத்தா ஏன் இங்கயே வந்து இருக்கல?" என்று கேட்டேன்.

"அங்க பையன் இருந்தான்லம்மா. அவங்களும் கெளம்பி வந்துட்டா பையனுக்கு நெலத்துல பாத்தியதை போயிரும்னு சொல்லுவாங்க. அதுக்காகத்தான் அந்தம்மா அந்த வேசத்தப் போட்டுச்சு."

அந்தப் பையன்தான் என் அப்பா.

கடைசிக் காலத்தில் தாத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியதாம். பஞ்சு தூசியில் வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு வந்த இருமல்தான். இந்த இடத்தில் இருந்த ஒரு அறையில்தான் செத்தார். "சேதி சொல்லி அனுப்புனோம். மிலிட்டரிக்கார மகன் லீவுல இருந்தாரு போல. வந்து கொள்ளி வச்சாரு. இது வெளிய தெரிய வேண்டாம்னு எங்கப்பா கையப் பிடிச்சுச் சொன்னாரு."

அப்பா லீவில் வந்திருந்தபோது ஒருநாள் மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளை. சந்தனம் இல்லையே, எந்தக் கோயிலுக்குப் போனீங்க என்று கேட்டேன். வேண்டுதல் என்றார். அப்பத்தா வாசலில் நின்று அவர் தலையைப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, வழக்கம்போல உலை வைத்தாள். புருஷன் நிஜமாகவே செத்த அன்றைக்கு அவளுக்குக் கழற்றுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. வாய்விட்டு அழவும் முடியாது. இருபது வருஷத்துக்கு மேலாகச் செத்துக் கிடப்பவனுக்காக இன்றைக்கு ஏன் அழுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்?

அடுத்த சிவராத்திரிக்கு அப்பா அதே பீடத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆயிரம் பேரிடம் வாக்குமூலம் வாங்கியவளின் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு சாட்சி சாகும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

கிளம்பும்போதுதான் அத்தை பெரியவரிடம் கேட்டாள். "என்னயப் பத்தி அவுக எதுவும் சொல்லுவாகளா?"

பெரியவர் அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தார். "அந்தப் புள்ள நீங்கதானா? புள்ளைக்குக் கேள்வி கேக்குற வயசு வந்துருச்சு, இனிமே கூட்டிட்டு வராதன்னு அவருதாம்மா சொன்னாரு. சொல்லிட்டு ரெண்டு நாளு மில்லுக்குப் போகல. அந்தக் கெணத்தடியிலயே உக்கார்ந்திருந்தாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தையையும் கூட்டிக்கொண்டுபோய், பங்காளிகள் கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருவர் எழுந்து குறுக்கே விழுந்தார். தெலுங்குக்காரப் பெரியவருக்கு மறதி வந்திருக்கும் என்றார் ஒருவர். வேறு ஏதோ ஆளாக இருக்கும் என்றார் இன்னொருவர். மருமகன், "நானும் கேட்டேம்ப்பா" என்றான். அவனுடைய அப்பா அவனைப் பார்த்த பார்வையில் அவனும் அடங்கிவிட்டான்.

"சாமிய மில்லுக் கூலியாக்கப் போறியா தங்கச்சி?" என்றார் சாமியாடி அண்ணன். "அப்ப எங்க தாத்தா மேல, எங்கப்பா மேல, என் மேல எறங்குனது யாரு?"

நியாயமான கேள்விதான். "அத எங்கிட்ட ஏன் கேக்கிறீங்க? கல்லுல பொய் எழுத வேண்டாம்னுதான் சொல்றேன்" என்றேன்.

"கல்லு கொத்தி முடிஞ்சிருச்சு" என்றார்.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். நான் விசாரிக்கத் தொடங்கிய வாரமே, நான் இழுத்தடிப்பேன் என்று பயந்து, இவர்களே ஒரு கதையை எழுதிக் கொத்தக் கொடுத்துவிட்டார்கள். அது தயாராகி வைக்கோலில் சுற்றி வந்து இறங்கியும்விட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு போனதும், சர்க்கரை ஏறி இறங்கத் தெருத் தெருவாக அலைந்ததும் எதற்கு?

அந்த நேரத்தில்தான் அத்தை எழுந்தாள். பங்காளிகள் கூட்டத்தில் அவள் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"கல்லுல என்னத்த வேணும்னாலும் எழுதிக்கங்கலே. குதுரையில வேணும்னாலும் ஏத்திக்கங்க. நான் அவுக மக. இந்த வருசம் மாவெளக்கு நான் எடுப்பேன். எவன் தடுப்பான்னு பார்க்கேன்."

"அது எப்படி, சாமி செத்து எத்தனையோ வருசம் கழிச்சுப் பொறந்தவ…" என்று ஒருவர் இழுத்தார்.

"சாமி சாகலடா. பஞ்சு மில்லுல வேல பார்த்துச்சு" என்றாள் அத்தை.

அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. எங்கள் குடும்பத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வந்தால் எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படியே போனார்கள்.

சிவராத்திரிக்கு மறுநாள் புதுக் கான்கிரீட் கூரைக்குக் கீழே கூட்டம் நெரித்தது. கருங்கல்லில் களவாணிகள் ஏழு பேரைத் தனி ஆளாக எதிர்த்து நின்ற வீர வரலாறு இருந்தது, இரண்டு எழுத்துப் பிழைகளோடு. நான் பிழைகளைக் காட்டினேன். சாமி காரியத்தில் குற்றம் பார்க்கக் கூடாது என்றார்கள்.

உறுமி வேகமெடுத்ததும் அண்ணன் மேல் சாமி இறங்கியது. கண்ணை உருட்டிக்கொண்டு கம்போடு குதித்தார். அத்தை அரக்குச் சேலை கட்டி, மாவிளக்குத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசையை விலக்கி முன்னால் போனாள். நான் பின்னாலேயே போனேன். யாராவது தடுத்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் குனிந்து திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் பூசினார். "வா ஆத்தா" என்றார். சாமி வந்து சொன்ன வார்த்தையா, இவள் வாயைத் திறந்தால் வம்பு என்று பயந்து அண்ணனே சொன்ன வார்த்தையா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்பவனைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அன்றைக்கு அந்த வித்தை பலிக்கவில்லை.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, அத்தையைக் கூமாப்பட்டியில் கொண்டுபோய் விட ஆட்டோ பிடித்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் என்ன அத்தே?" என்றேன். எனக்குப் பொறுமை போயிருந்தது. "அப்பா கிடைச்சாச்சு. மாவிளக்கும் எடுத்தாச்சு. இன்னும் என்ன?"

"என்னயப் பெத்தவள நான் என்ன நினைப்பு நினைச்சேன் தெரியுமாட்டி?" என்றாள். "ராசபாளையத்து மில்லுக்காரனோட போனவன்னு. கடைசியில படுக்கையில கெடந்தப்போ, ஊருக்காகத்தான் வந்து பார்த்தேன். கஞ்சி ஊத்துனேன், மூஞ்சியப் பார்த்து ஊத்தல. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானும் அவளுமாத்தான இருந்தோம், பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது. சாகுற வரைக்கும் பெரியம்மான்னே கூப்பிட வச்சிட்டுப் போயிட்டாளே."

ஆட்டோக்காரர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் கையை உருவிக்கொண்டு, "ஒரு தண்ணி பாட்டில் வாங்கு, தொண்டை காயுது" என்றாள். முதலில் வந்த கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.